45 கோடி டாலர் கோப்பு: எஃப்.பி.ஐ.யின் சென்டினல் கரை சேர்ந்த கதை

மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, அடிக்கடி காட்டி, திருத்திக்கொண்டே போகும் முறைக்கு அஜைல் என்று பெயர். அதற்கான பயிற்சி வகுப்புக்குப் போனால் உதாரணமாக வருவது பெரும்பாலும் பாட்டு கேட்கும் ஆப், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ஸ்டார்ட்அப். சுவரெல்லாம் வண்ண வண்ண ஸ்டிக்கி நோட்டு, மூலையில் காபி மெஷின், சுற்றிலும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்க ஆபீஸ்ல ஒரு பிரின்டர் டோனர் வாங்கவே மூணு கையெழுத்து வேணும். இதெல்லாம் எங்களுக்கு ஒத்துவருமா சார்?" என்று கேட்டார். அவருக்கு அன்று நான் சொன்ன கதையைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கையெழுத்தும் கோப்பும் இல்லாமல் அசையாத இடங்களில் ஒன்று அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அங்கே ஒரு ஏஜென்ட் எழுதும் தாள் நாளைக்குக் கோர்ட்டில் சாட்சியமாகும். யார் எழுதினார், யார் ஒப்புதல் கொடுத்தார், எப்போது திருத்தினார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் துருவித் துருவிக் கேட்பார். அப்படிப்பட்ட அமைப்பு, கோப்புகளைக் கணினிக்குள் கொண்டுவரப் பத்தாண்டுக்கு மேல் அல்லாடியது. ஒருமுறை முழுக்கத் தோற்றது. இரண்டாவது முறையும் தோற்கும் விளிம்புக்கு வந்தது. பிறகு டீமை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்த வேலையைக் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகக் கரையேறியது.

இந்தக் கதையை அஜைலின் வெற்றி விளம்பரமாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. வேலை வேகமானதை விட, கெட்ட செய்தி வேகமாக வெளியே வந்ததுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பச்சைத் திரைக் காலம்

1995-ல் எஃப்.பி.ஐ.க்கு வழக்குக் கோப்புகளைக் கையாள ஏ.சி.எஸ். என்று ஒரு மென்பொருள் வந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, மௌஸ் கிடையாது, எல்லாமே விசைப்பலகையில் கட்டளை தட்டித்தான். வந்த நாளிலேயே பழசாக இருந்தது என்றால் மிகையில்லை. ஏஜென்ட்டுகள் அதைத் தொடவே தயங்கினார்கள். ஒருவரை விசாரித்தால் எஃப்.டி.-302 என்ற படிவத்தில் அறிக்கை எழுத வேண்டும். அதைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, மேலதிகாரியின் மேஜையில் வைத்து, அவர் பேனாவால் கையெழுத்துப் போட்டு, தாள் கோப்பில் சேர்ந்து, வரிசை எண் விழுந்து, அதற்குப் பிறகுதான் கணினியில் ஏறும். அதிகாரபூர்வக் கோப்பு என்றால் காகிதக் கோப்புதான். கணினியில் இருப்பது அதன் நிழல்.

ஏ.சி.எஸ்ஸை உற்சாகமாகப் பயன்படுத்திய ஒருவர் உண்டு என்றால் அது ராபர்ட் ஹான்சன். ரஷ்யர்களுக்காக உள்ளேயிருந்தே உளவு பார்த்த எஃப்.பி.ஐ. ஏஜென்ட். தன்மேல் சந்தேகம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, தன் பெயரையே அதில் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். 2001 பிப்ரவரி 18 அன்று கைதானார். அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 11 முதல் 13 வரை, யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டு பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள்காரர்கள் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு செய்திகள். பத்து வருடம் கழித்து ஒரே அடித்தளத்தில் சந்தித்துக்கொள்ளும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று ராபர்ட் முல்லர் இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஒரே வாரத்தில் இரட்டைக் கோபுரத் தாக்குதல். சந்தேக நபர்களின் புகைப்படங்களைக் கிளை அலுவலகங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பக்கூட எஃப்.பி.ஐ.யிடம் வசதி இல்லை. இரவுத் தபாலில் அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூலையிலேயே, விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்பவர்களைக் கவனிக்க வேண்டும் என்று ஃபீனிக்ஸ் கிளையிலிருந்து ஒரு ஏஜென்ட் தலைமையகத்துக்கு எழுதியிருந்தார். அந்தக் குறிப்பு போய்ச் சேர வேண்டிய கைகளுக்குப் போகவில்லை. ஏ.சி.எஸ்ஸில் 'ஃப்ளைட்' என்று தேடலாம், 'ஸ்கூல்' என்று தேடலாம், இரண்டையும் சேர்த்து 'ஃப்ளைட் ஸ்கூல்' என்று தேட முடியாது என்ற விஷயம் 2002-ல் செனட் விசாரணையில் வெளியே வந்தது. தேடல் என்ற இந்த ஒரு விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் திரும்ப வரும்.

17 கோடி டாலர், 800 பக்கம்

முதல் முயற்சியின் பெயர் ட்ரிலஜி. புதுக் கணினிகள், புது நெட்வொர்க், புது மென்பொருள் என்று மூன்று பகுதி. முதல் இரண்டும் இழுத்துப் பறித்து முடிந்தன. மூன்றாவது, ஏ.சி.எஸ்ஸுக்குப் பதிலாக வர வேண்டிய வெர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்ற மென்பொருள், முடியவில்லை. 2001 ஜூனில் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்திடம் ஒப்பந்தம் போனது.

என்ன வேண்டும் என்பதை எழுதிவைக்க ஏஜென்ட்டுகளையும் பொறியாளர்களையும் மாதக்கணக்கில் உட்காரவைத்தார்கள். விளைந்தது 800 பக்கத்துக்கு மேற்பட்ட தேவைப் பட்டியல். "அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்ப முடிய வேண்டும்" என்று எழுதிவிட்டு மிச்சத்தைச் செய்கிறவரிடம் விட்டிருக்கலாம். அதில் பொத்தான் எந்த இடத்தில் வர வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பது வரை எழுதியிருந்தார்கள். வீடு கட்டக் கொடுக்கிறவர், ஜன்னல் கொக்கியின் நிறம்வரை எழுதிக்கொடுத்துவிட்டு, சுவர் எழும்பும்வரை மனைப்பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்த மாதிரி. எழுதி முடித்த பிறகும் தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. பொறுப்பில் இருந்தவர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

2003 டிசம்பரில் சுமார் 7 லட்சம் வரி கோட், அதாவது கணினி நிரல், வந்து சேர்ந்தது. எஃப்.பி.ஐ. உடனே 17 குறைகளைச் சொன்னது. தோண்டத் தோண்ட அது 59 ஆனது. யார் தப்பு என்று தீர்க்க நடுவர் வைத்தார்கள். 59-ல் 40 கட்டியவர்களின் பிழை, 19 கேட்டவர்கள் நடுவில் மனம் மாறியதால் வந்தவை என்று தீர்ப்பு. இந்தப் பங்கீடு எனக்கு எப்போதும் சுவாரசியமாக இருக்கும். இரண்டு தரப்பும் இரண்டு வருடம் தனித்தனி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் கணக்கு இப்படித்தான் பிரியும். 2005-ல் திட்டத்தைக் கைகழுவினார்கள். போனது 17 கோடி டாலர். கையில் மிஞ்சியது அதே பச்சைத் திரை.

சென்டினல்: நான்கு கட்டம், இரண்டே முடிந்தது

2006 மார்ச்சில் அடுத்த முயற்சி. சென்டினல் என்று பெயர். லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு 30.5 கோடி டாலர் ஒப்பந்தம், திட்டத்தின் மொத்த மதிப்பு 42.5 கோடி, நான்கு கட்டங்கள், 2009 டிசம்பரில் முடிய வேண்டும். போன தடவை சூடு பட்டதால் இந்தத் தடவை ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள். ஒரேயடியாகக் கட்டாமல் கட்டம் கட்டமாகக் கட்டுவது என்ற முடிவே அந்த ஜாக்கிரதையின் அடையாளம்.

ஆனால் ஒரு கட்டம் என்பது ஒரு வருடத்துக்கும் மேல். முதல் கட்டம் 2007 ஜூனில் வந்தது. பழைய ஏ.சி.எஸ்ஸுக்கு பிரவுசரில் ஒரு புது முகம், அவ்வளவுதான். உள்ளே அதே பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் கட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். அதன் கடைசித் துண்டு 2009 டிசம்பரில் கைக்கு வந்தபோது, சோதனையில் 26 முக்கியப் பிரச்சினைகளும் கோடில் 10,000-க்கு மேற்பட்ட திறனற்ற இடங்களும் தென்பட்டன. தானியங்கியாக வேண்டிய 18 படிவங்களில் 4 தான் கிடைத்திருந்தன. அந்த நான்கையும் அச்செடுத்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கணினியில் நிரப்பி, காகிதத்தில் எடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, மறுபடி கோப்பில். நான்கு வருடம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள்.

2010 மார்ச்சில் பாதி வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஜூலையில் முழுவதையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஆகஸ்ட் நிலவரப்படி, உயர்த்தப்பட்ட 45.1 கோடி பட்ஜெட்டில் 40.5 கோடி செலவாகியிருந்தது. முடிந்திருந்தது நான்கில் இரண்டு கட்டம். எஃப்.பி.ஐ. கேட்டுக்கொண்டதன்பேரில் மைட்டர் நிறுவனம் போட்ட மதிப்பீட்டின்படி, இதே பாணியில் தொடர்ந்தால் இன்னும் 6 வருடமும் குறைந்தது 35.1 கோடி டாலரும் ஆகும்.

இவ்வளவையும் ஊருக்குச் சொன்னது அமெரிக்க நீதித்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம், அதாவது எஃப்.பி.ஐ. உட்பட அந்தத் துறையின் அமைப்புகளைத் தணிக்கை செய்யும் அலுவலகம். விடாமல் அறிக்கை மேல் அறிக்கை வெளியிட்டார்கள். எஃப்.பி.ஐ.க்கு அது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். நமக்கு இந்தக் கதை இவ்வளவு விவரமாகக் கிடைக்கக் காரணம் அந்தப் பிடிவாதம்தான். தனியார் கம்பெனியாக இருந்திருந்தால் எல்லாம் மேஜை டிராயருக்குள் போயிருக்கும்.

அடித்தளத்துக்கு இறங்கியவர்கள்

அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி சாட் ஃபுல்காம். 2008 செப்டம்பரில் திவாலான லேமன் பிரதர்ஸ் வங்கியிலிருந்து வந்தவர். மூழ்கும் கப்பலைப் பார்த்துப் பழகியவர் என்று சொல்லலாம். அவரும் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜெஃப் ஜான்சனும் 2010 செப்டம்பரில் ஒரு திட்டத்தை வைத்தார்கள். இனி கட்டுமானப் பொறுப்பு எஃப்.பி.ஐ. கையில். முறை அஜைல், அதில் குறுகிய தவணைகளாக வேலையை முடித்துக் காட்டும் ஸ்க்ரம் வகை. பட்ஜெட்டில் மிஞ்சியிருக்கும் பணத்துக்குள், 12 மாதத்தில் முடிப்போம். இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் அதை நம்பவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

முதல் வேலை ஆள்குறைப்பு. ஒப்பந்தக்காரர்கள் சுமார் 220-லிருந்து 40 ஆனார்கள். எஃப்.பி.ஐ. ஊழியர்கள் 30-லிருந்து 12. ஆக 250 பேர் 52 பேரானார்கள். வாஷிங்டனில் எஃப்.பி.ஐ. தலைமையகம் இருந்த ஹூவர் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

சம்பளம் மிச்சம் என்பது இதில் சின்ன லாபம். ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். 250 பேருக்குள் 31,125 ஜோடிகள் சாத்தியம். 52 பேருக்குள் 1,326. எல்லா ஜோடியும் தினமும் பேசப்போவதில்லைதான். ஆனால் பேச வேண்டியதைப் பேசாமல் விட்டுப்போகும் சந்து அத்தனை இருக்கிறது. பெரிய டீமில் அந்தச் சந்துகளை அடைக்க மீட்டிங், மினிட்ஸ், மெயிலில் சி.சி., வாராந்திர அறிக்கை, அந்த அறிக்கைகளைத் திரட்டி இன்னொரு அறிக்கை. வேலை பார்க்கிறவரின் நாளில் பாதியை அதுவே தின்றுவிடும். நம்மில் பலருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது, தடித்த தேவைப் பட்டியலைப் பிரித்துப்போடுவது. சுமார் 670 'ஸ்டோரி'களாக அதை உடைத்தார்கள். ஸ்டோரி என்றால் கதை இல்லை. யாருக்கு, என்ன செய்ய முடிய வேண்டும், எதற்காக என்று இரண்டு வரியில் எழுதும் ஒரு துண்டு வேலை. புரிவதற்காக நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: 'ஏஜென்ட்டாகிய நான் எழுதிய 302 அறிக்கையை என் மேலதிகாரிக்கு ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும், அவர் எங்கிருந்தாலும் பார்த்துக் கையொப்பமிடுவதற்காக.' பொத்தானின் நிறம் இதில் இல்லை. 800 பக்கப் பட்டியலோடு இதை ஒப்பிட்டால் ஒன்று தெரியும். பட்டியல் செய்கிறவருக்குக் கட்டளை. ஸ்டோரி, "வா, உட்கார்ந்து பேசுவோம்" என்று கூப்பிடும் அழைப்பு. ஏஜென்ட்டும் கோட் எழுதுகிறவரும் ஒரே மேஜையில் இருந்தால்தான் இரண்டு வரி போதும். இல்லாவிட்டால் இரண்டு வரி ஆபத்து. இந்த நிபந்தனையை மறந்துவிட்டு, வேலைகளைப் பதிந்துவைக்கும் ஜிரா என்ற மென்பொருளில் இரண்டு வரி எழுதிப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

ஒவ்வொரு ஸ்டோரிக்கும் அதன் கடினத்துக்கு ஏற்ப ஒரு புள்ளி. எது முதலில் என்று வரிசை. வரிசையின் மேலிருந்து எடுத்து இரண்டு வாரம் வேலை. அந்த இரண்டு வாரம்தான் ஸ்பிரின்ட். கடைசி நாளில் டெமோ. அதிகாரிகளும் பயன்படுத்தப்போகிறவர்களும் பார்க்க, ஓடுகிற மென்பொருளை ஓட்டிக் காட்ட வேண்டும். ஸ்லைடு காட்டித் தப்பிக்க முடியாது. ஓடினால் புள்ளி. "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு சார்" என்றால் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம்தான் மொத்த முறையின் உயிர் என்பது என் கருத்து. 2006 முதல் 2010 வரை சென்டினல் எப்போதும் 'ஏறக்குறைய முடிந்த' நிலையிலேயே இருந்தது. காகிதத்தில் சதவீதம் ஏறிக்கொண்டே போகும். கடைசிப் பத்து சதவீதம் மட்டும் எப்போதும் பாக்கி இருக்கும். பாதி முடிந்த வேலைக்கு மதிப்பே இல்லை என்று வைத்துவிட்டால், டீம் பத்து வேலையைத் தொட்டு வைப்பதை விட்டுவிட்டு மூன்று வேலையை முடிக்கப் பார்க்கும். உற்பத்தித்திறன் கூடியது என்று பின்னால் எல்லோரும் சொன்னதில் கணிசமான பங்கு இந்தக் கணக்கு மாறியதால் வந்தது. யாரும் விரலை வேகமாக ஓட்டித் தட்டச்சு செய்யவில்லை.

இன்னொன்றும் மாறியது. பழைய ஒப்பந்த முறையில் "இது சரியாக வரவில்லை" என்று சொல்வதே ஒரு சட்ட நடவடிக்கை. கடிதம், பதில் கடிதம், ஒப்பந்தத் திருத்தம், யார் செலவு என்ற தகராறு. அடித்தளத்தில் அதே வாக்கியத்தை டெமோ முடிந்ததும் வாயால் சொல்லலாம். அடுத்த இரண்டு வாரத்தின் வரிசை மாறும். விஷயம் முடிந்தது. கட்டம் கட்டமாகப் போனபோது நான்கு வருடத்தில் இரண்டு கட்டங்களைத்தான் பார்த்துக் கருத்துச் சொல்ல முடிந்தது. இரண்டு வார முறையில் ஒரே வருடத்தில் 26 வாய்ப்பு.

இந்த இடத்தில் நம் பக்கத்து அலுவலகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. யார் என்ன செய்கிறார், எங்கே தடை (பிளாக்கர்) என்று சொல்ல வைக்கும் தினசரி ஸ்டாண்டப் கூட்டம் பல டீம்களில் வருகைப் பதிவேடாகிவிட்டது. "நேத்து அந்த டிக்கெட் பார்த்தேன், இன்னைக்கும் அதேதான், நோ பிளாக்கர்ஸ்." அடுத்தவர். "நோ பிளாக்கர்ஸ்." இருபது பேர் வரிசையாக மேனேஜரிடம் ஒப்பிப்பார்கள், மியூட் போட்டுவிட்டுக் காலை டிபன் சாப்பிடுவார்கள். பிளாக்கர் இருக்கிறது என்று சொன்னால் ஏச்சு விழும் இடத்தில் யார் சொல்வார்? அங்கே கூட்டத்தின் பெயர் மட்டும்தான் அஜைல். புள்ளிக் கணக்கும் அப்படித்தான். போன ஸ்பிரின்ட்டில் 30, இந்த ஸ்பிரின்ட்டில் 40 என்று மேலிருந்து இலக்கு வைத்தால் மூன்று புள்ளி வேலை ஐந்து புள்ளியாகப் பெயர் மாறும். கிராஃப் ஏறும், வேலை அதே அளவில் நிற்கும்.

743 பேர், இரண்டு தடவை விழுந்தது

சரி, 12 மாதத்தில் முடிந்ததா? முடியவில்லை. 2011 செப்டம்பர் என்ற தேதி கடந்துபோனது.

2011 அக்டோபரில் ஒரு ஒத்திகை வைத்தார்கள். கிளை அலுவலகங்களிலிருந்து சுமார் 743 பேர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, உண்மையான வேலை நாள் மாதிரி படிவம் நிரப்பி, அனுப்பி, ஒப்புதல் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒத்திகையின் நடுவில் சென்டினல் இரண்டு தடவை விழுந்தது.

ஒரு வருடமாக டெமோவில் கைதட்டல் வாங்கிய மென்பொருள். அடித்தளத்தில் பத்துப் பேர் முன்னால் ஓடியது 743 பேர் ஏறியதும் மூச்சு விட முடியாமல் சரிந்தது. டெமோ என்ற ஏற்பாட்டின் ஓட்டை இங்கேதான் தெரிகிறது. ஒவ்வொரு துண்டும் வேலை செய்கிறதா என்று டெமோ சொல்லும். எல்லாத் துண்டும் சேர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறினால் தாங்குமா என்று சொல்லாது. அதற்குத் தனியாகச் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். அதை இன்னும் முன்னாலேயே, ஆறு மாதத்துக்கு முன் நூறு பேரை வைத்தாவது செய்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இந்த டீம்மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

இருந்தாலும் அதற்குப் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். கோட் காரணமா, வன்பொருள் காரணமா என்று ஆராய்ந்தார்கள். இருக்கும் வன்பொருளால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்ற முடிவுக்கு வந்து புதுசு வாங்கக் கிளம்பினார்கள். அரசுக் கொள்முதல் அதன் வேகத்தில்தான் நடக்கும். தேதி 2012 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. பிறகு ஜூலைக்கு. ஒவ்வொரு தள்ளலுக்கும் காரணம் வெளியே தெரிந்திருந்தது, இன்ஸ்பெக்டர் ஜெனரலின் அறிக்கையிலும் ஏறியது. 2003-ல் 59 குறைகள் தெரியவந்தது பணமெல்லாம் போன பிறகு. 2011-ல் இரண்டு விழுதல் தெரியவந்தது நாடு முழுக்கத் திறந்துவிடுவதற்கு முன்பு. நடுராத்திரியில் ஏதோ ஒரு ஊரில் கைது வாரண்டுக்காகக் காத்திருக்கும் ஏஜென்ட்டின் திரை கறுத்துப்போவதற்குப் பதிலாக, ஒத்திகைக்கு வந்தவர்களின் திரை கறுத்தது.

2012 ஜூலை 1 அன்று எல்லாப் பயனர்களுக்கும் சென்டினல் திறக்கப்பட்டது. சொன்ன 12 மாதம் கிட்டத்தட்ட 21 மாதமானது. 302 அறிக்கை இனி கணினியில் எழுதப்பட்டு, கணினியிலேயே ஒப்புதல் பெற்று, அதுவே அதிகாரபூர்வக் கோப்பாகவும் ஆனது. 1995-ல் தொடங்கியிருக்க வேண்டிய வேலை.

கணக்கைச் சரிபார்த்தால்

ஆறு வருடமும் 35 கோடியும் ஆகும் என்றதை 21 மாதத்தில், மிச்சமிருந்த காசில் முடித்துவிட்டார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் ஒரு பாதி மறைகிறது. அடித்தளத்துக்கு இறங்கிய டீம் வெறுங்கையோடு இறங்கவில்லை. 40.5 கோடி டாலர் செலவில் ஏற்கெனவே இரண்டு கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன தேவை என்ற அறிவு திரண்டிருந்தது. பாதுகாப்பு அனுமதி பெற்ற, எஃப்.பி.ஐ.யின் பாஷை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். முதல் நாளிலிருந்தே அஜைல் என்று 2006-ல் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆள் குறைப்பையும் அப்படியே காப்பியடிக்க முடியாது. 250 பேரில் எந்த 52 பேரை வைத்துக்கொள்வது என்று தெரிந்திருந்ததே அந்த நான்கு வருடப் பாடத்தால்தான்.

இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்து காட்டினார்களே தவிர, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏஜென்ட்டுகளின் கையில் கொடுக்கவில்லை. புதுசாகச் செய்ததெல்லாம் 2012 ஜூலையில் ஒரே தவணையாகத்தான் போனது. பாதிப் படிவம் இங்கே, பாதி அங்கே என்று வைத்தால் வழக்கு நடத்துவது சிக்கல்தான், அது புரிகிறது. ஆனாலும் உண்மையான பயனரின் உண்மையான நாளில் அந்த மென்பொருள் எப்படி இருக்கிறது என்று தெரிய அதனால் தாமதமானது.

அந்தத் தாமதத்தின் விலை 2014-ல் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் மறுபடி வந்து, பயன்படுத்துகிறவர்களிடமே கருத்துக் கணிப்பு எடுத்தது. மொத்தத்தில் சென்டினல் வேலையை எளிதாக்கியிருக்கிறது என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் இரண்டு விஷயத்தில் முகம் சுளித்தார்கள். ஒன்று, அறிக்கையில் வரும் பெயர், இடம், தொலைபேசி எண்களை அட்டவணைப்படுத்தும் வேலை. முன்பு வேறு ஊழியர்கள் பார்த்ததில் ஒரு பங்கு இப்போது ஏஜென்ட்டின் தலையில் விழுந்திருந்தது. இன்னொன்று தேடல். தேடலைப் பயன்படுத்தியவர்களில் 42 சதவீதம் பேருக்குத்தான் வேண்டியது அடிக்கடி கிடைத்தது.

'ஃப்ளைட் ஸ்கூல்' என்று தேட முடியாமல் தொடங்கிய கதை இது. தேடல் 670 ஸ்டோரிகளுக்குள் இல்லாமல் இருந்திருக்காது. அதை ஓட்டியும் காட்டியிருப்பார்கள், புள்ளியும் விழுந்திருக்கும். என் ஊகம் இதுதான். டெமோவில் தேடுகிறவருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று முன்பே தெரியும். அதைத் தட்டுவார், அது வரும். ஏஜென்ட் தேடும்போது தான் தேடுவது கோப்பில் இருக்கிறதா என்றே அவருக்குத் தெரியாது. எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, பதினைந்து வருடத்துக்கு முன் எவர் எந்தப் பெயரில் பதிந்துவைத்தார் என்பதும் தெரியாது.

நண்பரிடம் இதுவரை சொல்லி நிறுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த டோனருக்கு மூணு கையெழுத்து போடுறாங்கல்ல, அவங்க மூணு பேரையும் ஒரே மேஜைல உட்கார வைக்கணும்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். முதலில் அந்த மூன்று பேரில் ஒருவருக்காவது டோனர் தீர்ந்துபோனது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் போன் செய்தார். மூன்று பேருக்குமே தனித்தனி பிரின்டராம்.